வெளியும் வௌியும்: ஒரு தேடற்கருவியின் வரலாறு

‘வெளியீடு’ என்ற சொல்லை இலங்கைத் தமிழ்ச் செய்திக் கோப்புகளுக்குள் தேடினால் சிலது அகப்படும், சிலது அகப்படாது. அகப்படாததைக் கண்ணால் பார்த்தால் அங்கேயும் ‘வெளியீடு’ இருக்கிற மாதிரித்தான் தெரியும். உற்றுப் பார்த்தால் அது ‘வௌியீடு’. வித்தியாசம் விளங்குதா? முதலாவதில் வ, அதற்கு எகரக் கொம்பு, பிறகு ளி. இரண்டாவதில் ‘வௌவால்’ என்ற சொல்லில் வருகிற வௌ, அதற்கு மேல் இன்னொரு இகரக் குறி. அப்படி ஓர் எழுத்து தமிழிலேயே இல்லை. ஆனாலும் வௌிநாடு, தௌிவு, வௌ்ளவத்தை என்று கணக்கில்லாமல் கிடக்குது. கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு.

இந்த மாதிரிச் சிக்கல்களை அவிழ்க்க ஒரு பழைய கருவி இருக்கிறது: ரெகுலர் எக்ஸ்பிரஷன், சுருக்கமாக ரெஜெக்ஸ். கணினி விஞ்ஞானம் படிக்கிற நண்பர்களுக்கு இது பாடத்திட்டத்துக்குள்ளேயே வரும். கலைப்பீடத்தில் எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆனால் இதின்ட வரலாற்றைத் தோண்டிக்கொண்டு போனால் பாதி எங்கட பக்கத்தில்தான் நிற்குது. மூளையைப் பற்றிய தத்துவக் கேள்வி, பழைய அரசியல் கட்டுரைகளை எழுதியது யார் என்ற சண்டை, மொழியியல் படித்த ஒருவர். அதனால்தான் இதை ஒரு வரலாற்றுக் கட்டுரையாக எழுதுகிறோம்.

முதலில், எங்களுக்கு இது ஏன் தேவைப்பட்டது என்று சொல்ல வேண்டும். நாங்கள் சில பேர் சேர்ந்து பழைய நினைவு மலர்கள், அந்தியேட்டிக் கல்வெட்டுகள், பாடசாலைச் சஞ்சிகைகள், துண்டுப்பிரசுரங்கள் என்று கையில் அகப்பட்டதையெல்லாம் எக்செல்லில் பட்டியல் போட்டு வருகிறோம். ஒரே ஆளுடைய பெயர் அதில் இப்படியெல்லாம் வந்து நிற்கும்:

சி.வை.தாமோதரம்பிள்ளை
சி. வை. தாமோதரம்பிள்ளை
சி வை தாமோதரம் பிள்ளை
தாமோதரம்பிள்ளை, சி. வை.

இதில் எதைப் பிழை என்று சொல்லுவது? நாலும் சரி. மலரில் எப்படி இருந்ததோ அப்படியே தட்டச்சுச் செய்தது. ஆனால் “தாமோதரம்பிள்ளை பற்றி எத்தனை கட்டுரை இருக்குது?” என்று கேட்டால் கணினி நாலு பேரைக் காட்டும். திகதியும் அப்படித்தான்: 12.03.1956, 12/3/56, 1956 மார்ச் 12. ஊரும் அப்படித்தான்: யாழ், யாழ்., யாழ்ப்பாணம்.

ரெஜெக்ஸ் என்ன செய்யுமென்றால், ஒரு சொல்லைத் தேடாமல் அந்தச் சொல்லின் சாயலைத் தேடும். மேலே இருக்கிற முதல் மூன்று வடிவத்துக்கும் இந்த ஒரே வரி போதும்:

சி\.? *வை\.? *தாமோதரம் *பிள்ளை

கேள்விக்குறி என்றால் அதற்கு முன்னால் இருப்பது வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. உடுக்குறி என்றால் அதற்கு முன்னால் இருப்பது, இங்கே இடைவெளி, எத்தனை தடவையும் வரலாம், வராமலும் இருக்கலாம். வெறும் புள்ளிக்கு ‘ஏதோ ஒரு எழுத்து’ என்று பொருள். உண்மையான முற்றுப்புள்ளிதான் வேண்டுமென்றால் முன்னால் ஒரு பின்சாய்கோடு போட வேண்டும். நாலாவது வடிவத்துக்கு அடைப்புக்குறி தேவை. பெயரை ஒரு அடைப்புக்குள்ளும் முன்னெழுத்தை இன்னொரு அடைப்புக்குள்ளும் பிடித்து, மாற்றும்போது இரண்டாவதை முன்னுக்கும் முதலாவதைப் பின்னுக்கும் போடச் சொல்லலாம். இவ்வளவுதான் அடிப்படை. மிச்சமெல்லாம் இதின்ட விரிவு.

அந்த உடுக்குறிக்கு ஒரு பெயர் இருக்கிறது: கிளீனி நட்சத்திரம். கதை அங்கேயிருந்துதான் தொடங்குது.

1943இல் வாரன் மக்கலோக், வோல்டர் பிட்ஸ் என்ற இருவர் மூளையின் நரம்புக் கலங்களைத் தர்க்கக் குறியீடுகளாக எழுதிக் காட்டி ஒரு ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்கள். மக்கலோக் நடுத்தர வயது மருத்துவர். பிட்ஸுக்கு அப்போது 20 வயது, பட்டம் எதுவும் கையில் இல்லை. (எங்கட வயது! இதை வாசித்த அன்றைக்கு ரெண்டு பேர் அசைன்மென்ட் எழுதாமல் விட்டுவிட்டார்கள்.) ஒரு நரம்புக் கலம் ஒன்றில் பற்றும், இல்லாவிட்டால் பற்றாது. இப்படிப்பட்ட கலங்களைச் சேர்த்துக் கட்டிய வலைக்கு நினைவும் சிந்தனையும் வருமா என்பதுதான் அவர்களுடைய கேள்வி.

1951இல் ஸ்டீபன் கிளீனி என்ற கணிதவியலாளர் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் இருந்தபோது இந்தக் கேள்வியை வேறு விதமாகத் திருப்பினார். அப்படியான ஒரு வலையால் எந்தெந்த நிகழ்வுக் கோலங்களை அடையாளம் காண முடியும்? அவர் கண்ட விடை எளிமையானது: ஒன்றன்பின் ஒன்று, இது அல்லது அது, இது திரும்பத் திரும்ப. இந்த மூன்றையும் வைத்துக் கட்டக்கூடியவை மட்டும்தான். அவற்றுக்கு ‘ரெகுலர்’ என்று பெயர் வைத்தார். அந்தப் பெயர் அவருக்கே அவ்வளவாகத் திருப்தியில்லை. இதைவிட விளக்கமான பெயர் யாராவது சொன்னால் வரவேற்போம் என்று அந்தக் கட்டுரையிலேயே எழுதி வைத்தார். ஒருவரும் சொல்லவில்லைப் போல. அந்தக் கட்டுரை 1956இல் அச்சானது. அதில் தேடலும் இல்லை, சொல்லும் இல்லை. வெறும் கணிதம்.

கணிதத்தை உரைக்குள் கொண்டுவந்தவர் பெல் ஆய்வுகூடத்தில் இருந்த கென் தொம்சன். க்யூஈடி என்ற உரைத்தொகுப்பிக்குள் ரெஜெக்ஸைப் புகுத்தி, அது எப்படி வேலை செய்யுது என்பதை 1968இல் ஒரு சிறிய கட்டுரையாக வெளியிட்டார். பிறகு யூனிக்ஸ் வந்தபோது அதன் ஈடி என்ற தொகுப்பிக்குள்ளும் அதைப் போட்டார். இவ்வளவும் இருந்தும் அது நிரலாளர் தங்களுடைய நிரலைத் திருத்துகிற சாமானாகத்தான் இருந்தது.

அடுத்த கட்டம்தான் எங்களுக்கு மிகவும் பிடித்தது. 1787, 1788 ஆம் ஆண்டுகளில் அமெரிக்க அரசியலமைப்பை ஆதரித்து ‘பப்ளியஸ்’ என்ற புனைபெயரில் 85 கட்டுரைகள் வந்தன. ஃபெடரலிஸ்ட் கட்டுரைகள் என்று அரசியல் விஞ்ஞானம் படிக்கிற ஆட்களுக்குத் தெரியும். எழுதியவர்கள் ஹமில்டன், மடிசன், ஜே என்ற மூவர். ஆனால் 12 கட்டுரைகளை ஹமில்டன் எழுதினாரா மடிசன் எழுதினாரா என்பது நீண்ட கால வழக்கு. 1964இல் மொஸ்டெலர், வொலஸ் என்ற இரண்டு புள்ளிவிபரவியலாளர்கள் சின்னச் சின்ன இணைப்புச் சொற்களை எண்ணிப் பார்த்து, மடிசன் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். பெல் ஆய்வுகூடத்தில் லீ மக்மேன் என்பவரும் இதே கட்டுரைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவருக்குச் சொற்கள் எங்கெங்கே வருகின்றன என்று தேட வேண்டும். ஆனால் அந்தக் காலத்துச் சின்ன இயந்திரத்தில் முழு உரையும் தொகுப்பிக்குள் அடங்கவில்லை. தொம்சன் ஈடிக்குள் இருந்த தேடும் பகுதியை மட்டும் பிய்த்தெடுத்துத் தனி நிரலாக ஆக்கினார். உரை முழுவதையும் நினைவில் ஏற்றத் தேவையில்லை, வரி வரியாக வாசித்துப் பொருந்துகிற வரியை மட்டும் காட்டும். கிரெப் என்று பெயர். ‘எல்லா இடமும் இந்தக் கோலத்தைத் தேடு, அச்சிடு’ என்ற ஈடியின் கட்டளைச் சுருக்கமே அந்தப் பெயராயிற்று. இன்றைக்கும் கணக்கில்லாத சேர்வர்களில் ஓடுது. பிறகு மக்மேனே செட் என்ற நிரலை எழுதினார். கிரெப் தேடும், செட் தேடி மாற்றும். எங்கட தாமோதரம்பிள்ளைகளை ஒன்றாக்குகிற வேலை உண்மையில் செட்டின் வேலை.

அனாமதேயக் கட்டுரை ஒன்றை எழுதியவர் யார் என்று கேட்கிற கலைப்பீடத்துக் கேள்விக்காக ஒரு நிரல் பிறந்திருக்குது என்பதை நாங்கள் கொஞ்சம் பெருமையோடுதான் சொல்லித் திரிகிறோம்.

அதற்குப் பிந்தியதை வேகமாகக் கடக்கலாம். 1977இல் ஓக். 1987இல் லறி வோல் எழுதிய பேர்ள். வோல் மொழியியல் படித்தவர். எழுத்து வடிவமில்லாத ஒரு மொழியைத் தேடிப் போய் அதற்கு எழுத்து உருவாக்க வேண்டும் என்பது அவருடைய ஆரம்பக் கனவு. அது நடக்காமல் பேர்ள் நடந்தது. இன்றைக்கு நாங்கள் பாவிக்கிற ரெஜெக்ஸின் நடை உடை பெரும்பாலும் பேர்ளுடையதுதான்.

இனித் தமிழுக்கு வருவோம். இந்தக் கருவி முழுவதும் ஆங்கிலத்தை மனசில் வைத்துக் கட்டியது. ஆங்கிலத்தில் ஒரு எழுத்து, ஒரு குறியீட்டு எண். எங்களுக்கு அப்படியில்லை. 1991இல் யூனிகோட்டின் முதல் பதிப்பிலேயே தமிழ் இருந்தது. ஆனால் இந்திய எழுத்துகளுக்கென்று ஏற்கெனவே இருந்த இஸ்கி என்ற அடுக்கைப் பின்பற்றியதால், ‘கி’ என்பது ஒரு எழுத்தாக இல்லாமல் க, அதன் பின் ஓர் இகரக் குறி என்று இரண்டாகச் சேமிக்கப்படுகிறது. ‘க்’ என்பதும் இரண்டு: க, புள்ளி. ஆகவே ரெஜெக்ஸில் ‘ஏதோ ஒரு எழுத்து’ என்று புள்ளி வைத்தால் அது கி முழுவதையும் பிடிக்காது, க-வை மட்டும் பிடித்துவிட்டுக் குறியை அந்தரத்தில் விடும்.

இதைவிட மோசம் ஒன்று இருக்கிறது. ‘சொல்லுக்குரிய எழுத்து’ என்று பொருள்படும் ஒரு குறியீடு ரெஜெக்ஸில் உண்டு, பின்சாய்கோடும் டபிள்யூவும். பைதன் மொழியோடு வருகிற ரெஜெக்ஸ் தமிழின் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. ‘யாழ்ப்பாணம்’ என்று கொடுத்து இதற்குள் இருக்கிற சொற்களைக் காட்டு என்று கேட்டால், ய, ழ, ப, ப, ணம என்று ஐந்து சொல் காட்டும். பேர்ளில் இந்தச் சிக்கல் இல்லை, அங்கே குறிகளும் சொல்லின் பகுதி. மெய்யெழுத்துக்குப் புள்ளி உண்டு என்பது தொல்காப்பியத்திலேயே இருக்கிற சங்கதி. அதைச் சில நிரல்கள் இன்னும் நிறுத்தக்குறியாகத்தான் பார்க்குது. வழி இருக்கிறது: தமிழ் எழுத்துகளின் முழு வீச்சையும் சதுர அடைப்புக்குள் நாங்களே எழுதிக் கொடுக்கலாம். ஆனால் ஆங்கிலத்துக்கு இரண்டு குறியில் முடிகிற வேலைக்கு நாங்கள் ஒரு முழம் எழுத வேண்டியிருக்கு.

இப்ப ‘வௌியீடு’ எங்கேயிருந்து வந்தது என்று பார்ப்போம். யூனிகோட் பரவலாகும் வரைக்கும் இலங்கையில் பத்திரிகை, அச்சகம், பரீட்சை வினாத்தாள் என்று எங்கும் பாமினி எழுத்துருதான். (சில அச்சகங்களில் இன்றைக்கும் அதுதான்.) பாமினியில் கணினிக்குள் இருப்பது தமிழே இல்லை, ஆங்கில எழுத்துகள். அவற்றுக்குத் தமிழ் உருவம் போர்த்தியிருக்கும், அவ்வளவுதான். எகரக் கொம்பு என் விசையில், வ டீ விசையில், ள எஸ் விசையில், இகரக் குறி பீ விசையில். ‘வெளி’ என்று அடித்தால் உள்ளே என், டீ, எஸ், பீ என்று நாலு எழுத்து. தட்டச்சுப்பொறியில் போலவே கொம்பு முதலில் வரும், பிறகுதான் மெய். யூனிகோட்டிலோ மெய் முதல், கொம்பு பிறகு. அதனால் பாமினியை யூனிகோட்டாக மாற்றும்போது ஒவ்வொரு கொம்பையும் தூக்கி அடுத்த எழுத்துக்குப் பின்னால் வைக்க வேண்டும். தாமோதரம்பிள்ளையின் முன்னெழுத்தை இடம் மாற்றிய அதே வேலை.

கஷ்டம் ஔகாரத்தில் வந்தது. ‘வௌ’ என்று எழுதப் பாமினியில் கொம்பு, வ, ள என்று மூன்று விசை. ஔகாரத்தின் கடைசிக் குறிக்கும் ளகரத்துக்கும் உருவம் ஒன்றுதானே, விசையும் ஒன்றே. ஆகவே ‘வௌவால்’ என்பதன் முதல் எழுத்தும் ‘வெள்ளவத்தை’ என்பதன் முதல் மூன்று உருவமும் உள்ளே ஒரேமாதிரி: என், டீ, எஸ். அடுத்து என்ன வருகிறது என்று பார்க்காமல், இந்த மூன்றையும் கண்ட இடமெல்லாம் ‘வௌ’ என்று மாற்றுகிற மாற்றிகள் இருந்தன. வெள்ளவத்தை வௌ்ளவத்தை ஆயிற்று. வெளிநாடு வௌிநாடு ஆயிற்று. கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாததால் ஒருவரும் திருத்தவில்லை.

யூனிகோட்டுக்கென்று ஒழுங்காக்கும் விதிகள் உண்டு. எகரக் கொம்பையும் காலையும் தனித்தனியாக அடித்த கொ-வையும் ஒன்றாக அடித்த கொ-வையும் அந்த விதிகள் ஒன்றாக்கிவிடும். ஆனால் ளகரத்தையும் ஔகாரக் குறியையும் ஒன்றாக்காது. ஆக்கவும் கூடாது, ஏனென்றால் அவை உண்மையிலேயே வேறு வேறு. இங்கே உதவுவது இலக்கணம். ஒரு மெய்க்கு ஒரு உயிர்தான். ஔகாரக் குறிக்கு அடுத்ததாக இன்னொரு உயிர்க்குறியோ புள்ளியோ வரவே முடியாது. வந்தால் அது பழைய ளகரம். அதை ரெஜெக்ஸில் எழுதினால்:

ௌ([ா-்])

இதைக் கண்ட இடத்தில் எகரக் கொம்பு, ள, பிறகு அடைப்புக்குள் பிடித்த குறி என்று மாற்றினால் வெளிநாடும் தெளிவும் வெள்ளவத்தையும் திரும்பி வந்துவிடும். எதிர்ப்பக்கமும் உண்டு: கௌரவம், பௌத்தம், மௌலவி என்பவற்றை ளகரம் போட்டு அடித்திருப்பார்கள். அங்கே கொம்புக்குப் பின்வரும் ளகரத்துக்கு எந்தக் குறியும் இல்லாவிட்டால் ஔகாரமாக மாற்றலாம். இந்த இரண்டாவது விதி கொஞ்சம் துணிச்சலானது. நாங்கள் ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் மாற்றுகிறோம்.

இதையெல்லாம் செய்துகொண்டிருக்கும்போது எங்களுக்கு அடிக்கடி நினைவுக்கு வந்தவர் அதே தாமோதரம்பிள்ளைதான். சிறுப்பிட்டியில் 1832இல் பிறந்தவர், 1881இல் வீரசோழியத்தையும் 1887இல் கலித்தொகையையும் அச்சேற்றியவர். அவர் கையில் எடுத்த ஏடுகளில் மெய்க்குப் புள்ளி இராது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வித்தியாசம் இராது. காலும் ரகரமும் ஒரே உருவம். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி இல்லை. ஒரு கீற்றைப் பார்த்து இது ரகரமா காலா, இதில் புள்ளி உண்டா இல்லையா என்று ஒவ்வொரு இடத்திலும் தெரிவு செய்ய வேண்டும். ரெஜெக்ஸில் சதுர அடைப்புக்குள் ‘இதில் ஏதோ ஒன்று’ என்று எழுதுகிறோமே, அதைப் பதிப்பாசிரியர்கள் மனசுக்குள் வைத்துக்கொண்டு வாசித்திருக்கிறார்கள். அவர்களுக்குத் துணைக்கு இருந்தது யாப்பும் இலக்கணமும் வேறு ஏடுகளும். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு: நல்ல பதிப்பாசிரியர் பாடபேதத்தை அழிக்கமாட்டார், அடிக்குறிப்பில் வைப்பார். ‘எல்லாவற்றையும் மாற்று’ என்ற பொத்தானுக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

பெயர்களில் இது விளையாட்டு இல்லை. ரெஜெக்ஸுக்கு மூத்த ஒன்றுவிட்ட சகோதரம் என்று சொல்லத்தக்க ஒரு முறை இருக்கிறது: சவுண்டெக்ஸ். 1918இல் அமெரிக்காவில் ரொபர்ட் ரசல் என்பவர் காப்புரிமை பெற்றது. பெயரின் முதல் எழுத்தை வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளை எறிந்துவிட்டு, ஒத்த ஒலியுள்ள மெய்களுக்கு ஒரே இலக்கம் கொடுக்கும். 1935இல் அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது பிறப்புச் சான்றிதழ் இல்லாத முதியவர்கள் வயதை நிரூபிக்க வேண்டியிருந்தது. 1880ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில், 10 வயதும் அதற்குக் குறைந்ததுமான பிள்ளைகள் இருந்த குடும்பங்களைச் சவுண்டெக்ஸ் முறையில் அட்டவணையாக்கினார்கள். கணக்கெடுத்தவர் பெயரை எப்படி எழுதியிருந்தாலும் ஆளைக் கண்டுபிடிக்கலாம்.

எங்கட நாட்டில் கதை மறுபக்கம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், இங்கே பிறந்த ஒருவர் தன்னுடைய தகப்பனும் இலங்கையில் பிறந்தவர், இல்லாவிட்டால் தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்ட வேண்டும் என்றது. மலையகத் தோட்டங்களில் பிறந்த கனபேரிடம் அந்தக் கடதாசி இல்லை. கடதாசி இருந்தாலும் பெயரை எழுதியது வேறொருவர் கை. ராமசாமி என்பதை ஆங்கிலத்தில் எழுத நாலைந்து வழி இருக்கிறது. மகனுடைய கடதாசியில் ஒரு வழி, தகப்பனுடைய கடதாசியில் இன்னொரு வழி என்றால் இரண்டும் ஒரே ஆளென்று யார் சொல்வது? அங்கே மனிதரைக் கண்டுபிடிக்கக் கட்டிய அட்டவணை, இங்கே மனிதரே தன்னை நிரூபிக்கச் சொன்ன சட்டம். எழுத்துக்கூட்டல் ஒழுங்கில்லை என்பது நூலகத்தில் சின்னத் தொந்தரவு, கச்சேரியில் அது வேறு.

ஒன்றாக்காமல் விட்டால் ஒரு ஆள் நாலாகிறார். அளவுக்கு மிஞ்சி ஒன்றாக்கினாலோ நாலு பேர் ஒருவராகிவிடுவார்கள். சிவஞானசுந்தரம் என்ற பெயரை எடுத்துப் பாருங்கள். த. சிவஞானசுந்தரம் என்றால் இலங்கையர்கோன், ஈழத்துச் சிறுகதையின் முன்னோடிகளில் ஒருவர். செ. சிவஞானசுந்தரம் என்றால் நந்தி, எழுத்தாளரும் மருத்துவப் பேராசிரியரும். சி. சிவஞானசுந்தரம் என்றால் சிரித்திரன் ஆசிரியர், சவாரித் தம்பரை வரைந்தவர். முன்னெழுத்துக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி வைத்து ‘வந்தாலும் சரி வராவிட்டாலும் சரி’ என்று விட்டால் மூவரும் ஒருவர். அது வேண்டாம், சகரத்தில் தொடங்கினால் மட்டும் என்று நினைத்து

ச.\. *சிவஞானசுந்தரம்

என்று எழுதினால் இலங்கையர்கோன் தப்புவார். ஆனால் அந்தப் புள்ளி செ-வின் கொம்பையும் பிடிக்கும், சி-யின் குறியையும் பிடிக்கும். நந்தியும் சிரித்திரன் சுந்தரும் ஒன்றாகிவிடுவார்கள். கணபதிப்பிள்ளையிலும் இதே ஆபத்து: க. என்றால் பேராதனைப் பேராசிரியர், சி. என்றால் பண்டிதமணி. ஆனால் கா. சிவத்தம்பியும் கார்த்திகேசு சிவத்தம்பியும் ஒரே ஆள். இதைச் சொல்லித்தருகிற கோலம் ஒன்றும் இல்லை, வாசித்திருக்க வேண்டும்.

ஆகவே எங்கட பட்டியலில் இப்போது பெயருக்கு மூன்று நிரல் வைத்திருக்கிறோம். முதலாவதில் மலரில் அச்சானபடி, தொடுவதில்லை. இரண்டாவதில் ரெஜெக்ஸ் ஒழுங்காக்கியது. மூன்றாவதில் இது யார் என்று ஒரு ஆள் பார்த்துப் போட்ட இலக்கம். முதல் இரண்டும் நிரம்பிவிட்டன. மூன்றாவதில் இன்னும் கனக்க இடம் வெறுமையாகக் கிடக்குது. வெறும் ‘சிவஞானசுந்தரம்’ என்று மட்டும் கையெழுத்திட்ட ஒரு வாழ்த்துச் செய்தி அதில் ஒன்று.